என் காலடியில் மட்டும் தண்ணீர்

ஏரியில் துடுப்புப் போட்டுச் சுற்றலாம் என்று பழைய கனூ படகு ஒன்று வாங்கினோம். தேர்ந்தெடுத்தது நான்தான். அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, என்னவோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். முதல் நாளே என் காலடியில் தண்ணீர் நின்றது.

வீட்டு வாசலில் படகைக் கவிழ்த்து, கீறல் கண்ட இடமெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி ஒட்டுப் போட்டேன். அடுத்த வாரமும் தண்ணீர். மேலும் இரண்டு ஒட்டு.

"படகை விட ஒட்டு கனமா இருக்கே மாமா" என்றான் மச்சான். வேலை தெரியாதவன் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

நேற்று நடு ஏரியில் மறுபடியும் தண்ணீர். விற்றவனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். முன்னால் இருந்த மனைவி திரும்பினாள். அவள் காலடி காய்ந்து கிடந்தது.

"கொஞ்ச நேரம் துடுப்புப் போடாம சும்மா இருங்க."

இருந்தேன். தண்ணீர் ஏறவே இல்லை.

"பக்கம் மாத்துறப்பல்லாம் துடுப்பைத் தலைக்கு மேல தூக்குறீங்க. அதுல வழியிற தண்ணிதான் உள்ள கொட்டுது."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். படகைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கேட்டீங்க."

கரை வரைக்கும் அவளே துடுப்புப் போட்டாள். நான் குவளையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தேன். ஒட்டுகளையெல்லாம் அவ்வளவு பிரமாதமாகப் போட்டிருந்தேன். ஒரு சொட்டுக்கூடத் தானாக வெளியே போகவில்லை.