ஆர்மண்டின் கட்டைவிரல் நகம்

ஆர்மண்ட் திபோவின் வலது கால் கட்டைவிரல் நகம் பதினான்கு மாதமாக என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒழுங்காகத்தான் ஆறி வந்தது. அடியிலிருந்து புது நகம் வெளுப்பாகப் பாதி தூரம் ஏறியது. அப்புறம் மறுபடி மஞ்சளாகத் தடித்து, ஓரம் மாவாக உதிரத் தொடங்கிவிட்டது. நகத்துணுக்கை இரண்டு முறை பரிசோதனைக்கு அனுப்பினேன், மருந்தை மாற்றினேன், என் கைராசியைக்கூடச் சந்தேகித்தேன்.

எங்கள் ஊரில் நகத்தில் பூஞ்சை பிடிப்பது பெரிய விஷயமே இல்லை. காகித ஆலையில் முப்பது வருடம் ரப்பர் பூட்ஸுக்குள் ஊறிய கால்கள். இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு, எல்லாரும் வெறுங்காலோடு நடந்த ஆலைக் குளியலறைத் தரை, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வயதாக ஆக ரத்தமும் விரல் நுனிவரை போகச் சோம்பல்படும். எழுபதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் என்பதுபோலக் காலை நாற்காலிக்கு அடியில் ஒளிப்பார்கள். தேவாலயத்தின் அடித்தளத்தில் புதன்கிழமைதோறும் அந்தக் கால்களை மடியில் வாங்கி நகம் வெட்டி ராவுவது நர்ஸான என் வேலை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு இருபது நிமிடம். நகம் ஆறிவிட்டால் அவருடைய சிகிச்சைக் கோப்பை மூடி அடுத்தவருக்கு இடம் தர வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை ஆர்மண்டின் பூட்ஸைக் கழற்றினேன். உள்ளே கம்பளிக் காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. விரலிடுக்குத் தோல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

"ஆர்மண்ட், மழை பேஞ்சு மூணு வாரமாச்சு."

"எங்க தெருவுல மட்டும் பேஞ்சுது போல."

நான் சிரிக்கவில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலைல காலுறைய வாளியில முக்கிப் போட்டுக்குவேன். அதுக்கு மேல பூட்ஸு. சாயங்காலம் வரைக்கும். ஆலையிலயும் கால் இப்படித்தானே ஊறுச்சு."

"மருந்து?"

"நகம் பாதி வளர்ற வரைக்கும் பூசினேன். இன்னும் ரெண்டு தடவ வந்தாப் போதும்னு நீ சொன்னியே, அன்னியோட நிறுத்திட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காலை அப்படியே கீழே போட்டிருப்பேன். ஒரு வருடத்துக்கு மேலாக என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேனே!

"என் வீட்டுக்காரி லொரெய்ன் போயிச் சேந்து நாலு வருஷமாச்சு," என்றார். "அதுக்கப்புறம் என்னத் தொடுறது நீ ஒருத்திதான். கையுறை போட்டிருக்க, சரி. இருந்தாலும் கைச்சூடு தெரியுது."

"வீட்டுக்கு யாருமே வர்றதில்லையா?"

"அக்டோபர்ல, வீட்டச் சூடாக்குற ஃபர்னஸ் பாக்க ஒருத்தன் வருவான். நேரா கீழ் அறைக்குப் போவான், பாத்துட்டுப் போயிருவான்."

கோபம் போன இடம் தெரியவில்லை. ஆறவில்லை என்று கோப்பில் ஒரு வரி எழுதினால் அவர் இன்னும் ஒரு வருடம் வரலாம். எழுதியும் இருப்பேன். ஆனால் காத்திருப்போர் பட்டியல் எதிரே சுவரில் தொங்கியது.

"பதினோரு பேர் காத்துக்கிட்டிருக்காங்க, ஆர்மண்ட். லியோனுக்குச் சர்க்கரை வேற. கால் புண்ணோட இருக்காரு."

லியோனும் அவரும் பத்தொன்பது வருடம் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றவர்கள்.

"லியோனா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, கெழட்டுக் கழுத." தன் கால் விரலை ஒருமுறை பார்த்தார். "என் எடத்த அவனுக்குக் குடுத்துரு. எழுது."

"மருந்து பூசுவீங்களா?"

"பூசுவேன். இனிமே பூசாம இருந்து என்ன ஆகப்போவுது?"

விரல் விரலாக ஈரத்தை ஒற்றி எடுத்தேன். கோப்பை விரித்து முழங்கால் மேல் வைத்து, மீதிச் சிகிச்சையை வீட்டிலேயே பார்த்துக்கொள்வார் என்று எழுதித் தேதி போட்டேன். இருபது நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. கதவுக்கு வெளியே அடுத்த ஆளின் கைத்தடி தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் காலை என் மடியிலிருந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.