ஏழாம் எண் நின்ற பக்கம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. பத்திரிகை ஆசிரியர் பசியைப் பற்றி ஒரு கதை கேட்டார், வெள்ளிக்கிழமைக்குள். பசியைப் பற்றி நான் படித்த எல்லாக் கதைகளிலும் யாராவது ஒருவர் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை எழுதக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு போன் போட்டேன், கொஞ்சம் புலம்பலாம் என்று. அவன் என்னைப் புலம்ப விட்டால்தானே. நாற்பது நிமிடம் செம்மறி ஆடுகளைப் பற்றிப் பேசினான்.

தம்பி ஒரு கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையில் ஒப்பந்தப் பணியாளர். வீட்டில் அவனுக்கு நிதானம் என்று பெயர். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் எங்கள் பஸ் போய்விடும். பட்டியில் உள்ள பன்னிரண்டு ஆடுகளும் எங்கே நிற்கின்றன என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து அட்டவணையில் குறிப்பதுதான் இப்போது அவன் வேலை. இதற்குச் சம்பளம் உண்டு. நானும் நாள் முழுக்க உட்கார்ந்து யார் எங்கே நிற்கிறார்கள் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு யாரும் தருவதில்லை.

2

சோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். (அவன் நாற்பது நிமிடம் சொன்னதை நான் நாலு வரியில் சொல்வேன். அவன் படித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.) நீளமான ஒரு பட்டி. ஒரு கோடியில் புரதம் நிறைந்த தீவனத் தொட்டி, மறு கோடியில் மாவுச்சத்து நிறைந்த தொட்டி. காலையில் ஆறு ஆடுகளுக்கு வெறும் மாவுச்சத்துத் தீவனம், மற்ற ஆறுக்கு வெறும் புரதம். வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த சாப்பாடு. பிறகு எல்லாவற்றையும் பட்டிக்குள் விடுவார்கள். எந்த ஆட்டுக்கு எது குறைகிறதோ, அது இருக்கும் கோடிக்கு அந்த ஆடு போய் மேய வேண்டும். யாரும் சொல்லித்தருவதில்லை. உடம்பு இழுக்கிறது, ஆடு போகிறது.

"தனக்கு என்ன குறையுதுன்னு ஆட்டுக்குத் தெரியுதுக்கா" என்றான் தம்பி, தானே கண்டுபிடித்த மாதிரி. எனக்கு நாற்பத்திரண்டு வயது. எனக்கு என்ன குறைகிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. கதை கிடைத்துவிட்டது என்று குதித்தேன்.

முதல் தொடக்கம்: [அவள் வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் அவள் கால்கள் வேறு ஒரு] சே. ஆட்டை அவள் என்று எழுதியதுமே அது ஒரு சலித்துப்போன மனைவியாகிவிட்டது. இரண்டு வரியில் கணவன் வந்து பேப்பரை விரித்துவிடுவான்.

இரண்டாவது தொடக்கம்: [காதில் மஞ்சள் அட்டை தொங்கும் ஏழாம் எண் ஆடு, சமூகம் தனக்கு விதித்த] வேண்டாம். ஆட்டுக்கு ஏது சமூகம். ஒரு வேலியும் ரெண்டு தொட்டியும்தான் இருக்கிறது.

ஆனால் ஏழாம் எண் கற்பனை இல்லை. தகராறே அதுதான். காலையில் புரதத்தை மூக்கு முட்டத் தின்கிறது. மாவுச்சத்துப் பக்கம்தான் போக வேண்டும். ஆறு வாரமாக அது புரதத் தொட்டிப் பக்கமே வந்து நிற்கிறது. அதன் கூட்டத்தில் இன்னும் இரண்டு ஆடுகள் அடிக்கடி அதோடு வந்துவிடுகின்றன. மற்றதெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கிறது.

2 (தொடர்ச்சி, மறந்துபோனது)

தொட்டிகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வாரம் ஒரு முறை கோடி மாற்றி வைப்பார்கள். இல்லையென்றால் ஆடு இடத்துக்குப் பழகிவிடும். அது தீவனத்துக்காகப் போகிறதா, பழகிய மூலைக்காகப் போகிறதா என்று தெரியாமல் போய்விடும். இதைத் தம்பி மூன்று முறை சொன்னான். நான் மூன்று முறையும் உம் கொட்டினேன், காதில் வாங்கவில்லை.

3

கதை என்றால் ஒரு வில்லன் வேண்டாமா? மேடத்தைப் பிடித்தேன். மேடம் என்பது சோதனையை நடத்தும் ஆராய்ச்சியாளர். ஏழாம் எண்ணைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாமா என்று அவர் ஒரு நாள் யோசித்ததாகத் தம்பி சொல்லியிருந்தான். போதாதா? கண்ணாடிக்கு மேலே பார்க்கும் கண், மேசையில் தட்டும் பேனா எல்லாம் கொடுத்து, ஒத்துவராத ஆட்டை ஒதுக்கும் கொடுமைக்காரியாக ஒன்றரைப் பக்கம் எழுதித் தம்பிக்குப் படித்துக் காட்டினேன்.

"மேடம் நல்லவங்கக்கா."

"நல்லவங்களா இருந்தா கதைக்கு என்னடா பிரயோஜனம்?"

"அவங்க கண்ணாடி போடுறதே இல்ல. அப்புறம், ஏழாம் நம்பரை ஒதுக்கவும் இல்ல. யோசிச்சாங்க, வேண்டாம்னுட்டாங்க. நீ பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடுவ, நான்தான் நாளைக்கு அவங்க முகத்துல முழிக்கணும்."

ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்தேன்.* சரி, உண்மையை மட்டும் எழுதித் தொலைக்கலாம் என்று மறுபடி உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஒரு சாதாரண விவரத்துக்காகத்தான் அவனைக் கூப்பிட்டேன்.

"நீ எங்கடா உட்கார்ந்திருப்ப? மரத்தடின்னு எழுதி வெச்சிருக்கேன்."

"மரமெல்லாம் இல்லக்கா. வேலிக்கு வெளிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி."

"எந்தப் பக்கம்?"

"புரதத் தொட்டி பக்கம். அது சீக்கிரம் காலியாயிடும், அடிக்கடி ரொப்பணும். பக்கத்துலயே இருந்தா சௌகரியம்."

"வாரா வாரம் தொட்டியை மாத்துவோம்னு சொன்னியே, அப்ப?"

"அப்ப நாற்காலியையும் தூக்கிட்டுப் போயிடுவேன்."

நல்ல விவரம் என்று குறித்துக்கொண்டேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நடக்கும் தம்பி. அழகாகத்தான் இருந்தது. லைன் போய்விட்டதோ என்று ரெண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"அக்கா" என்றான். "ஏழாம் நம்பர் பொறந்தப்ப அதோட தாய் செத்துப்போச்சு. மூணு வாரம் நான்தான் புட்டியில பால் குடுத்தேன்."

எனக்கு உடனே புரியவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அது தீவனத்துக்கு வரலியோ என்னமோ. என்கிட்ட வருதோ என்னமோ. அது வந்தா மத்ததுங்களும் பின்னாடியே வரும்க்கா, செம்மறி அப்படித்தான். அப்ப நான் ஆறு வாரமா எழுதினது எல்லாமே..."

* உண்மையில் கிழிக்கவில்லை. கணினியில் எழுதுகிறேன். கிழித்தேன் என்று சொன்னால்தான் கோபம் தெரிகிறது.

4

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்கிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன், இனி அது முடியாது.

பண்ணையில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருக்கிறது. இந்தச் சோதனையின் அறிக்கை மாதக் கடைசியில் மேலே போகும்போது, கூடவே தம்பியின் பெயரையும் அனுப்புவதாக மேடம் சொல்லியிருக்கிறார். அறிக்கை போகாவிட்டால் அந்த இடம் வேறு பண்ணைக்குப் போய்விடும். ஒப்பந்தக்காரர்களை வருடம் ஒரு முறை பதினைந்து நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிடாமலும் விடுவார்கள். அந்தப் பதினைந்து நாளும் அவன் போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துக்கொண்டு போவான். ஆறு வருடமாக இதைப் பார்க்கிறேன்.

இதில் இன்னும் ஒரு கழுத்தறுப்பு இருக்கிறது. தப்பு நடந்திருக்கிறது என்றே உறுதியாகச் சொல்ல முடியாது. ஏழாம் எண்ணுக்குப் புரதம்தான் பிடித்திருக்கலாம். ஆட்டுக்கு ஆடு வேறுபடும். தெரிந்துகொள்ள ஒரே வழி, நாற்காலியை மறு கோடிக்கு நகர்த்திப் பார்ப்பது. ஆனால் சோதனை நடக்கும்போது மேடத்தைக் கேட்காமல் ஒரு வாளியைக்கூட இடம் மாற்றக் கூடாது. நகர்த்த வேண்டும் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதாவது, தப்பா இல்லையா என்று தெரிவதற்கு முன்னாலேயே தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"என்ன பண்ணட்டும்க்கா?"

வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். ஆமாம், நான்தான். பக்கம் பக்கமாக மனிதர்களின் நேர்மையைப் பற்றி எழுதுகிற நான்தான். யாருக்கும் தெரியாது, நீ சொல்லாவிட்டால் எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை, ஆடு வந்து சாட்சி சொல்லாது என்றெல்லாம் கரடியாய்க் கத்தினேன்.

"உனக்குத் தெரியுமே" என்றான். "நீ எழுதிட்டு வேற இருக்க."

"அழிச்சிடறேன்டா. இப்பவே அழிச்சிடறேன்."

"அழிக்காத. வெள்ளிக்கிழமை வரைக்கும் வை. நான் யோசிக்கறேன்."

நான் இந்தக் கதையை எழுத உட்காராமல் இருந்தால், எந்தப் பக்கம் என்று கேட்காமல் இருந்தால், அவன் பாட்டுக்குக் குறித்துக்கொண்டு இருந்திருப்பான், மாதக் கடைசியில் நிரந்தரமாகியிருப்பான். ஒரு வரி தத்ரூபமாக வர வேண்டும் என்று என் தம்பியின் வேலைக்கு உலை வைத்தேன். இத்தனை வருடமாக என் கதைகளில் வருகிறவர்கள் எல்லாரும் நான் நினைத்த இடத்துக்கே வந்து நிற்பார்கள். அவர்களுக்குத்தான் அது வேண்டியிருக்கிறது என்று நானும் நம்பி வந்தேன். என் நாற்காலி எங்கே இருக்கிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை.

5

(இந்தப் பகுதியில் ஏழாம் எண் பேசியது. எடுத்துவிட்டேன். நல்லவேளை.)

6

புதன், வியாழன் இரண்டு நாளும் அவன் போனை எடுக்கவில்லை. நான் முடிவுகள் எழுதிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய.

ஒன்றில் அவன் சொல்லிவிடுகிறான். மேடம் கண் கலங்கி, உங்களை மாதிரி ஒருவரைத்தான் இத்தனை நாளாகத் தேடினேன் என்று அங்கேயே கையெழுத்துப் போடுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொன்றில் அவன் சொல்வதில்லை. அறிக்கை போகிறது, வேலை நிரந்தரமாகிறது. அதன் பிறகு தினமும் காலையில் ஏழாம் எண் வேலியோரம் வந்து நிற்கும்போது [அவன்

அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அவனுக்கு அப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத வரவில்லை.

7

இன்று வெள்ளிக்கிழமை. ஆசிரியர் காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார். பன்னிரண்டு மணிக்குத் தம்பி கூப்பிட்டான்.

"சொல்லிட்டேன்க்கா."

"திட்டினாங்களா?"

"இல்ல. அட்டவணையை முதல்லேர்ந்து ஒவ்வொரு பக்கமா புரட்டிப் பார்த்தாங்க. அவங்களுக்கும் ஆறு வாரம்தானே. அப்புறம், திங்கட்கிழமை தொட்டி அப்படியே இருக்கட்டும், நாற்காலியை மட்டும் மாவுச்சத்து பக்கம் போடுங்க, ஒரு வாரம் பார்ப்போம்னாங்க."

கணக்கு சுலபம். ஏழாம் எண் நாற்காலியைத் தேடி மறு கோடிக்கு வந்தால், ஆறு வாரமும் வீண், அறிக்கை இல்லை, வேலையும் இல்லை. புரதத் தொட்டியிடமே நின்றால், அறிக்கை இருக்கிறபடியே போகும், அவன் பெயரும் போகும். வராது என்றேன். வரவே வராது, ஆட்டுக்கு வயிறுதான் பெரிது, நீ வேண்டுமானால் பார் என்று அடித்துச் சொன்னேன்.

அப்போதுதான் அவன் கேட்டான். "அது என் பக்கம் வரணும்னு நான் ஆசைப்படணுமாக்கா, வரக்கூடாதுன்னு ஆசைப்படணுமா? வந்தா வேலை போச்சு. வரலன்னா, இத்தனை நாளும் அது எனக்காக வரலன்னு ஆயிடும்."

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அந்த ஒரு வாரம் முடிந்திருக்கும். ஆடு எந்தப் பக்கம் போனது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நான் இதைப் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்கிறேன். அவன் இன்னும் லைனில் இருக்கிறான், மூச்சு விடுவது கேட்கிறது. நான் ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள், சீக்கிரம்.