குல்மார்க்குக்கு விழுந்த வெள்ளைப் பூ

எழுபத்தாறில், கூடுவாஞ்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டு ரத்னாவுக்குப் பனியில் சறுக்கும் ஆசை வந்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் காஷ்மீரில் குல்மார்க் மலைதான் நல்லது என்றாள். புருஷன் பூவராகவனோ, சித்தப்பா வீடு சிம்லாவில் இருப்பதால் பக்கத்திலுள்ள குஃப்ரிதான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான். இனி எப்படி இறங்கி வருவான்? சண்டையில் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத்தான் தூக்கமில்லை.

கடைசியில் சிங்கப்பெருமாள் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தார்கள். வெள்ளை வந்தால் குல்மார்க், சிவப்பு வந்தால் குஃப்ரி. இரண்டு பொட்டலத்தையும் பூவராகவனே கட்டினான். ரத்னா ஒன்றை எடுத்தாள். வெள்ளை! கோயில் என்றும் பாராமல் குதித்தாள்.

மிச்சப் பொட்டலத்தை நான் சும்மா விடுவேனா? பிரித்தேன். அதிலும் வெள்ளை. பூவராகவனை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"இன்னா நைனா இது?"

"அக்கா, வாய மூடிக்கினு இரு. ஆசையா கீறா, சறுக்கிட்டு வரட்டும்."

மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். நாலு வீட்டில்தான் சொன்னேன். ரத்னாவிடம் மூச்சு விடவில்லை.