அத்தானின் ஆம்பும் என் மூன்றாவது முடிவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, அக்கா எழுதச் சொன்னது.

"நான் சொன்னா உன் அத்தான் காதுல ஏறல. நீ கதையா எழுதிக் குடு. தன்னைப் பத்தின்னா உக்காந்து படிப்பார்."

அக்கா இரவு வேலை பார்க்கும் நர்ஸ். பகலில் தூங்கினால்தான் உண்டு. ஆஸ்பத்திரி விடுதியில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். போகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். ஆக, எனக்கும் அதுதான் கெடு.

2

முதல் வரி: கிட்டார் என்பது ஆன்மாவின்...

(அடித்துவிட்டேன். அத்தானின் ஆன்மாவுக்கு மூன்று ஸ்வரம்தான் தெரியும்.)

மறுபடியும். அத்தானிடம் பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வுகள் வைத்த ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அவர் பாஷையில் ஆம்ப். சத்தத்தை முழுசாகத் திருகினால்தான் வால்வுகள் திணறும், திணறினால்தான் அந்தக் கரகரப்பு வரும். அந்தக் கரகரப்புக்குத்தான் மனிதர் உயிரை விடுகிறார். ஆனால் முழுசாகத் திருகினால் சுவரில் கல்யாணப் படம் ஆடும். அதனால் அக்கா எழுந்து குளிக்கும் அரைமணி நேரம் மட்டும் வாசிப்பார்.

பிறகு, "உனக்காகத்தான் பண்றேன்" என்று சாப்பாட்டு மேசையில் ஆம்பைப் பிரித்துப் போட்டார். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பெரிய ரெசிஸ்டர்களை வைத்து, வால்வு கத்துவதில் பெரும்பங்கைச் சத்தமாக வெளியே விடாமல் வெறும் சூடாக மாற்றிவிடும் வேலை. (மூன்று மாதம் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.)

3

வேலை பலித்தது. அதே கரகரப்பு, பேச்சுக் குரல் அளவில். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. என்ன, இப்போது நாள் முழுக்க வாசிக்கிறார்.

"தூக்கம் வரலைங்க."

"சத்தமே இல்லையேம்மா. மீட்டர் வச்சுப் பார்த்துட்டேன்."

நிஜமாகவே வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த வாரம் அக்கா வார்டில் ஊசியோடு வேறொரு நோயாளியின் கட்டிலருகே போய் நின்றாள். அந்த நோயாளியே தன் பேரைச் சொல்லித் தடுத்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அக்கா அழுதாள். எனக்கு அத்தான் மேல் கோபம். கதையில் அது தெரிந்தால் தெரியட்டும்.

4

முடிவு ஒன்று: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பைப் போடுகிறார், அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகிறது. (என் ஆசை அது. அந்தத் தப்பை அவர் செய்யவே மாட்டார்.)

முடிவு இரண்டு: அத்தான் திருந்தி, அக்காவின் கையைப் பிடித்து... (எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு மூன்று: அக்கா பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். "நான் போறேங்க." அத்தான் ஆம்பின் சுவிட்சை அணைத்து, உள்ளே கையை விட்டபடி, "ம்" என்கிறார்.

மூன்றாவதை வைத்து அத்தானுக்கு அனுப்பினேன்.

5

வியாழன் மதியம் பதில் வந்தது.

"முழுசாப் படிச்சேன். நல்லா எழுதியிருக்க. கடைசியில மட்டும் ஒரு தப்பு. அணைச்ச உடனே யாராவது உள்ள கை விடுவாங்களா? கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும், ஆளைத் தூக்கி அடிச்சிடும். அதை மாத்திடு."

அவ்வளவுதான். மேலும் கீழும் தேடிப் பார்த்தேன், வேறு ஒரு வரி இல்லை.

இப்போது அக்கா போனில் இருக்கிறாள். "படிச்சாரா? கதையில நான் போறேன்னு சொல்ற இடத்துக்கு என்ன சொன்னார்?"

இதுவரை எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். இந்த ஒரு பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் காத்திருக்கிறாள்.