லோகு கனவு கண்ட நேரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. திருவள்ளூரில் ஆன்மிக மாத இதழ் நடத்தும் மணவாளன், ‘கனவுகளின் ஆன்மிகப் பொருள்’ என்று நாலு பக்கம் கேட்டார். “பல் விழுந்தா இன்னா, பாம்பு கடிச்சா இன்னா, அப்படியே வரிசையா போட்டுடுங்க. ஜனங்க வெட்டி பீரோவுல ஒட்டிக்குவாங்க” என்றார். நானும் செவ்வாப்பேட்டையில் உட்கார்ந்து பாம்பு வரைக்கும் எழுதிவிட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் என் தங்கை வீட்டுக்குப் போனேன். பக்கத்து போர்ஷனில் லோகு. கட்டுரை அங்கே படுத்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: விடியற்காலை ஐந்து நாற்பது. கீழ்வானம் வெளுக்கும் வேளையில் லோகு அலறிக்கொண்டு...

வேண்டாம். வானம் வெளுத்து வெளுத்து எத்தனை கதைகள் நாசமாகிவிட்டன!

இரண்டாம் தொடக்கம்: கனவு என்பது ஆன்மா தன்னோடு தானே பேசிக்கொள்ளும்...

சீ. இது மணவாளனுக்கு.

மூன்றாவது: லோகு, தேர்வாய் கண்டிகையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான். வயது முப்பத்து மூன்று. மனைவி ஏஞ்சலுக்கு அப்போது எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டாவது கலைவதற்கு நாலு நாள் முன்னால், விடியலில், தன் வீட்டு வாசலில் கல்யாண மேளம் கொட்டுவதாக அவன் கனவு கண்டான். கனவில் கல்யாணம் வந்தால் ஆகாது என்பது நம் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? அதை அவன் ஏஞ்சலிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிள்ளை தப்பியிருக்குமோ என்று இரண்டு வருஷமாக உள்ளுக்குள் குடைச்சல்.

இப்படியே தொடங்கலாம். சாதாரணமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

3

கனவு எப்போது பலிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லோகுவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் சடையப்பன், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். முன்னிரவில் கண்டால் ஒரு வருஷம், நடுச்சாமத்துக்கு ஆறு மாசம், விடியலில் கண்டால் பத்தே நாள். பகலில் கண்டது பலிக்கவே பலிக்காது.

[சடையப்பனை நான் பார்த்ததில்லை. மீசை வைக்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.]

இந்தத் தடவை கனவு வந்த வாரம் லோகுவுக்கு ராத்திரி ஷிஃப்ட். மாற்று ஆள் வரவில்லை என்று கூடுதலாக நாலு மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். மதியம் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல்கூட விழுந்தான். பகல் தூக்கத்துக்காக ஜன்னலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டியிருக்கிறது. வெளியே கார்த்திகை மழை மூட்டம்.

கனவில் ஏஞ்சல் வெள்ளைக் கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள். அதே மேளம். லோகு பின்னால் ஓடுகிறான், டிரைவர் நிறுத்தவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கையாட்டுகிறாள்.

விழித்தான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது. அறை கும்மிருட்டு. பாயில் அவள் இல்லை.

ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டோம், டூட்டி போயிற்று என்று முதலில் தோன்றியது. டூட்டி கிடக்கட்டும். விடியற்காலைக் கனவு, பத்து நாள். அதற்குள்ளேயே பாய் காலி. ஐயோ என்று கத்திக்கொண்டே எழுந்தான்.

4

இங்கே எனக்குக் கை அரித்தது. ஏஞ்சலை ஆம்புலன்ஸில் ஏற்றலாம். மழை, சைரன், ரயில்வே கேட் மூடியிருக்கிறது... கதைக்குக் கனம் கூடும், நாலு பேர் பாராட்டுவார்கள்.

(எட்டு வரி எழுதியும்விட்டேன். என் தங்கை படித்துவிட்டு, “நீ நல்லா இருப்பியா? அது வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு” என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.)

ஆகையால் நடந்ததையே எழுதுகிறேன். பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் லோகு தெருவுக்கு ஓடினான். தெருமுனையில் கெங்கம்மாள் தள்ளுவண்டி. எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏஞ்சல் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறாள்.

“இன்னாமே இது? காலங்காத்தால பஜ்ஜி துன்னுகினு கீற?”

கெங்கம்மாள் கரண்டியை நிறுத்தினாள். “காலங்காத்தாலயா? நான் என்னிக்குடா காலைல பஜ்ஜி போட்டேன்? சாயங்காலம்டா இது. போய் மூஞ்சி கழுவு, நைட் டூட்டிக்கு பஸ் வந்துடும்.”

“சாயங்காலமா? நெசமாவாக்கா?”

அவளை நம்பாமல், ரயிலிலிருந்து இறங்கி வந்த ஒருவரை மறித்து, “அண்ணே, இது காலையா, சாயந்திரமா?” என்று கேட்டான். அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். போகிற போக்கில், “சாயந்திரம்தாம்பா” என்றார். நல்ல மனுஷன், அவர் நன்றாக இருக்கட்டும்.

லோகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். அழுகைக்கு நடுவே சிரிப்பு வேறு. இன்றைய கனவைச் சொன்னான். அந்தப் பழைய மேளத்தையும் சொன்னான்.

ஏஞ்சல் பஜ்ஜியைக் கீழே வைத்தாள். “ரெண்டு வருஷமா இத வெச்சிகினு இருந்தியா நீ? கெனாவாய்யா புள்ளயக் கொன்னுச்சி? எனக்கு ரத்தம் பத்தலன்னு டாக்டரம்மா உன் எதிர்லதானே சொன்னாங்க? இப்போ ரத்தம் பதினொண்ணு கீது. கைய குடு இங்க. காரம் துன்னா இது இன்னா உதை உதைக்குது பாரு.”

உதைத்தது. பெருமூச்சு விட்டது லோகு மட்டுமில்லை, எழுதிக்கொண்டிருந்த நானும்தான். மணவாளன் கேட்ட ஆன்மிகப் பொருள் எனக்குத் தெரிந்தவரை இதுதான்: பலிக்காத கனவு ஒன்று, ஒரு மனுஷனின் வாயைத் திறந்துவிட்டது.

5

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சடையப்பன் விட்டால்தானே. அன்றைக்கு பஸ்ஸில் இதைக் கேட்டுவிட்டு, அவர் தாடையைத் தடவினார். “ராத்திரி டூட்டிக்காரனுக்கு சாயந்திரம்தானேடா விடியல்?”

லோகு விரல் விட்டுப் பத்து நாளை எண்ண ஆரம்பித்தான். கவரைப்பேட்டை தாண்டும் வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவன் தொடையில் தட்டினார். “பேஜாராவாத. கணக்கு சூரியனோடது. கம்பெனியோடது இல்ல.”

[இதற்காகவே அவருக்கு நல்ல மீசையாக வையுங்கள்.]

6

எழுதியதை லோகுவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பகுதியிலேயே நிறுத்தினான்.

“இன்னா சார், விடியற்காலைன்னு போட்டுகினு கீற?”

“அது வேணாம்னு விட்டுட்டேன் லோகு. கீழே பாரு, ‘வேண்டாம்’னு எழுதியிருக்கேன்.”

“வேணாம்னு எழுதிகீற, சார். அடிக்கலயே. அது அப்டியேதானே கீது.”

என் கைவரிசையெல்லாம் ஒரே கேள்வியில் போயிற்று. கைவிட்ட வரிகளை வாசகருக்குக் காட்டுவது ஒரு அழகு என்று இவனிடம் எப்படிச் சொல்வது? பின்னால் ஏஞ்சல் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கேலி செய்வாள் என்று பார்த்தேன், செய்யவில்லை. “அடிச்சுடுங்கண்ணா. ஒரு கோடுதானே” என்றாள்.

மணவாளனுக்கு போன் போட்டேன். கட்டுரைக்குப் பதிலாக நான் அனுப்பியிருந்த முதல் நாலு பகுதியும் அச்சாகிவிட்டதாம். “பாம்பு எங்க சார்?” என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. உங்களால் ஆவது ஒன்று உண்டு. இரண்டாம் பகுதிக்குப் போய், அந்த முதல் தொடக்கத்தில் ‘விடியற்காலை’ என்ற சொல்லை அடித்து, மேலே ‘சாயந்திரம்’ என்று எழுதிவிடுங்கள். பேனா இல்லையென்றால் நகத்தால் கீறினாலும் போதும்.

இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்கிறீர்களா? எனக்கும் கிடையாது. என் பிரதியில் அடித்துவிட்டேன், இரண்டு தடவை.