எமன் வீட்டுக்கு வந்த சொல்

ஆங்கில அகராதி ஆபீசில் அவருக்கு எமன் என்று பெயர். வழக்கொழிந்த சொற்களைப் புதுப் பதிப்பிலிருந்து நீக்குவது அவர் வேலை. எமன் என்றாலும் எடுத்த எடுப்பில் பாசக்கயிற்றை வீசிவிட முடியாது. அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. கழிக்கப்போகும் சொல்லை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் புழங்கவிட வேண்டும். வீட்டில் யாராவது அதைத் தானாக எடுத்துப் பேசிவிட்டால் சொல் பிழைத்தது.

கூத்தைக் கேளுங்கள், பிழைத்தவை அத்தனையும் அவர் மனைவியின் புண்ணியத்தில் பிழைத்தவை. அடுத்தவர் சாப்பிடுவதை எச்சில் ஊறப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு 'க்ரோக்' என்று ஒரு பழஞ்சொல். அவர் சொல்லி வாய் மூடவில்லை, "பூனை க்ரோக் பண்ணுது, ஒரு வாய் போடுங்க" என்றாள். குளிர்கால வெயிலின் இளஞ்சூட்டுக்கு 'அப்ரிசிட்டி'. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "கொஞ்சம் அப்ரிசிட்டி காயறேன், கூப்பிடாதீங்க" என்றாள்.

ஆனால் மனுஷன் சொல்லோடு குடித்தனம் நடத்தினாரே தவிர அவளோடு நடத்தினாரா? அவளுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்று கூட்டி வர வேண்டியவர், ஏதோ ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தேடி உட்கார்ந்து அப்படியே மறந்துபோனார். கட்டுப்போட்ட கண்ணோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் சாயங்காலம் வரை காத்திருந்தாள். கடைசியில் அவளுடைய அக்காதான் வந்து வீட்டில் கொண்டுவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பெட்டி கதவோரம் வந்துவிட்டது.

"நாளன்னிக்கி அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல" என்றாள். "செத்த சொல்லுக்கெல்லாம் உசிரு குடுக்கறீங்க. உசிரோட இருக்கற என்கிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?"

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஆபீசில் போய் உட்கார்ந்தால், விதியைப் பாருங்கள், அன்றைய சொல் 'ஓவர்மாரோ'. நாளை மறுநாள் என்று அர்த்தம். நமக்கு நாளன்றைக்கு இருக்கிறது. இங்கிலீஷ்காரர்களோ இருந்த ஒற்றைச் சொல்லையும் தொலைத்துவிட்டு 'தி டே ஆஃப்டர் டுமாரோ' என்று நாலு சொல்லை ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுகிறார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தச் சொல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவது போலிருந்தது. வெளியே பனியில் தெருவிளக்குகள் மிதந்தன. பாலமும் கடைகளும் மெல்லக் கரைந்தன. இந்த பஸ் எங்கும் போய்ச் சேராமலே இருந்தால் நாளன்றைக்கும் வராதே என்று நினைத்தார்.

வீட்டில் அவள் அண்ணாந்து உட்கார்ந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விடத் தடுமாறிக்கொண்டிருந்தாள். மருந்து கன்னத்தில் வழிந்தது. அவர் சீசாவை வாங்கி, மோவாயைப் பிடித்து, தானே விட்டார்.

"எரியுதா?"

"அதிசயம்தான், கேக்கறீங்களே" என்றாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கி யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

சொல்லையும் அர்த்தத்தையும் சொன்னார்.

"நான் அதைப் பேசலேன்னா?"

"செத்துடும். சாகட்டும். நீ மட்டும் போயிடாதே. எனக்குப் பயமா இருக்கு."

அவள் எழுந்து விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலை பெட்டி அதே இடத்தில் இருந்தது. சீசாவை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா வீட்டுக்கு... நாளைக்குத்தானே?"

"ஓவர்மாரோ" என்றாள், அண்ணாந்தபடியே. "சொட்டு சரியா விடுங்க."

சொட்டு தவறி அவள் மூக்கில் விழுந்தது.

அதற்கடுத்த நாளும் கேட்டார். அதே பதில். மருந்து தீர்ந்து மாசங்கள் ஆகிவிட்டன. பெட்டி இன்னும் கதவோரம்தான் இருக்கிறது, அதன்மேல் பூனை தூங்குகிறது. இப்போதும் காலையில் அவள் முகத்தை ஏந்திக் கண்ணைப் பார்க்கிறார், "என்னிக்கிப் போறே?" என்று கேட்கிறார். அந்த ஒரு சொல் காதில் விழாமல் எமன் பஸ் ஏறுவதில்லை.