கல்வெட்டில் ஒக்ஸ்போர்ட்

விக்னராஜாவின் முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டு அடிக்க வேண்டும். செத்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தச் சின்னப் புத்தகம் இல்லாமல் எந்த யாழ்ப்பாணத்தார் வீட்டில் காரியம் நடந்திருக்கிறது? மெல்பேண் என்றால் மட்டும் விட்டுவிடுவார்களா! எழுதியவர் தம்பி இளங்கீரன். ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து வந்து, வெரிபீயில் அண்ணன் வீட்டுக் குசினி மேசையில் லாப்டாப்பை வைத்து, அண்ணன் மனைவி சத்தியபாமாவுக்கு வாசித்துக் காட்டினார்.

"ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பட்டதாரி" என்று வந்த இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

பட்டமாவது, மண்ணாங்கட்டியாவது! தகப்பன் காணியை விற்றுப் படிக்க அனுப்பிய மனுசன் முதல் சோதனையிலேயே கோட்டை விட்டுவிட்டு, அங்கே புறோட் ஸ்றீற் என்ற தெருவில் ஒரு புத்தகக் கடையில் பெட்டி பிரித்து அடுக்கும் வேலைக்குப் போனவர். ஊருக்குப் பட்டம் எடுத்ததாக எழுதிவிட்டு, உண்மையை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். பழைய கல்லூரி மதில்கள், பக்கத்தில் புத்தகக் கடைகள், படியிறங்கினால் நிலத்துக்கு அடியில் மண்டபம் நிறையப் புத்தகம் என்று அந்தத் தெருவைப் பற்றித் தொடங்கினால் அவருக்கு வாய் ஓயாது. இளங்கீரன் வந்துவிட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. காணி போனதால் படிப்பில்லாமல் போனவர் அந்தத் தம்பிதானே. தம்பியோடு தனியே இருக்க நேர்ந்தால் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

முழுப் பூசணிக்காயை இனியும் சோற்றுக்குள் மறைப்பானேன்? அவளுக்கு இந்த நாட்டில் சொந்தமென்று மிச்சம் இருப்பது இளங்கீரன் ஒருவர்தான். உண்மையைச் சொன்னால் அவரும் வெறுத்துப் போகலாம். ஆனாலும் புருசனைப் பற்றிப் பொய் அச்சடித்து ஊருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"தம்பி, அதை எடுத்துவிடுங்கோ. அவர் படிச்சு முடிக்கேல்லை. புத்தகக் கடையில வேலை செய்தவர்."

இளங்கீரன் திரையைப் பார்த்தபடியே இருந்தார். "எனக்குத் தெரியும், மச்சாள்."

"என்ன?"

"இஞ்ச வாறதுக்கு முந்தி நான் லண்டனில நிண்டனான் எல்லோ. ஒருநாள் சொல்லாமல் அவரைப் பாக்க ஒக்ஸ்போர்ட்டுக்குப் போனன். புறோட் ஸ்றீற்றால நடக்கேக்க ஒரு புத்தகக் கடைக் கண்ணாடிக்குள்ளால கண்டனான். ஏணியில நிண்டு ஆருக்கோ புத்தகம் எடுத்துக் குடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில அப்பிடி ஒரு சந்தோசம். பட்டம் எண்டது பொய்யெண்டு விளங்கீட்டுது, ஆனா கூப்பிட மனம் வரேல்லை. திரும்பி வந்திட்டன். அம்மா கேட்டால் தாங்கமாட்டா எண்டு பிறகும் வாய் திறக்கேல்லை. எல்லாருக்கும் பட்டதாரி எண்டே சொல்லிவந்த பழக்கத்தில இதையும் எழுதிப்போட்டன்."

"காணி போனது..."

"அது பிறகு ஊரில நடந்த யுத்தத்திலயெண்டாலும் போயிருக்கும்."

சத்தியபாமாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "பாவி மனுசன் உங்கட முகத்தைப் பாக்கப் பயந்து பயந்தே செத்தது! தெரியும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி!"

"அவரே வந்து சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், மச்சாள்," என்றார் இளங்கீரன்.